பாம்போடு பிழைக்க முடியுமா? ஆசைப்படும் வாலிபர்களுக்குத் தகவல்!

சென்னை. "படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போறே?" என்று அப்பா கேட்கிறார்.

"பாம்பு, முதலை, ஆமை... இதுகளோடு வேலை பார்க்கப் போறேன்பா" என்கிறான் பிள்ளை.

அவ்வளவுதான்! வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. "பாம்பு பிடிக்கிறவனுக்கு யாருடா பொண்ணு கொடுப்பாங்க?" என்று அம்மா மூக்கைச் சிந்துகிறாள். "பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று பாட்டி மந்திரிக்க ஆள் தேடுகிறாள்.

இந்த ஆசை சென்னைக்குப் புதிதல்ல. சேலையூரில் 1969-ல் சின்னதாகத் தொடங்கிய பாம்புப் பண்ணை, 1972-ல் கிண்டிக்கு இடம் மாறியது. அன்றிலிருந்து இன்றுவரை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அங்கே போய்விட்டு வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் இந்த ஆசையோடுதான் வீடு திரும்புகிறார்.

ஆசை சரி. சம்பளம் வருமா?

வரும். ஆனால் எந்த வாசலில் வரும் என்பது தெரியாமல்தான் பல வாலிபர்கள் ஏமாந்து போகிறார்கள். சிலர் உயிரையும் விட்டிருக்கிறார்கள்.

கூப்பிட்டால் வருபவர்கள்

நல்லபாம்பு சமையல்கட்டில் புகுந்துவிட்டது. யாருக்குப் போன் போடுகிறோம்? தீயணைப்பு நிலையத்துக்கு!

சிவப்பு வண்டியில் வருகிறார்கள். நீளமான இடுக்கி, கொக்கி, சாக்கு. பத்து நிமிஷத்தில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் சுருண்டு கிடந்த பாம்பு சாக்குக்குள் போய்விடுகிறது. அதைக் கொண்டுபோய் வனத்துறையிடம் ஒப்படைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பாம்பு பிடிக்கிற கைக்கு மாதாமாதம் சர்க்கார் சம்பளம் கிடைக்கும் இடங்களில் இது ஒன்று. பலருக்கு இது தோன்றுவதே இல்லை!

பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் போதும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு இரண்டிலும் ஜெயிக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். அங்கே பாம்பு மட்டும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. தீயையும் அணைக்க வேண்டும், கிணற்றில் விழுந்த மாட்டையும் தூக்க வேண்டும்.

வனத்துறையிலும் வேலை உண்டு. காவலர் முதல் ரேஞ்சர் வரை பல படிகள். விலங்கியல் பட்டதாரிகள் தேர்வாணையப் பரீட்சை எழுதி ரேஞ்சர் பதவிக்கான பயிற்சியில் சேரலாம். இன்னும் மேலே போக ஆசைப்பட்டால் ஐ.எப்.எஸ். இருக்கிறது. ஆனால் வனத்துறையில் இன்றைக்கு முதலை, நாளைக்கு யானை, மறுநாள் சந்தனக் கட்டை கடத்தல் என்று டியூட்டி மாறும். "எனக்குப் பாம்பு மட்டும்தான் வேணும்" என்று அடம்பிடிக்க முடியாது.

பிடிப்பதும் வேட்டைதான்!

இனி ஏமாற்றும் வாசலைப் பார்ப்போம்.

கையில் ஒரு கொக்கி. பாக்கெட்டில் ஒரு செல்போன். தெருவில் பாம்பு வந்தால் ஓடிப்போய் வாலைப் பிடித்துத் தூக்குவது. படம் எடுத்து ஆடும் நாகத்தின் தலையில் முத்தம் கொடுப்பது. அதை வீடியோ எடுத்துப் போடுவது. "அண்ணே, சூப்பர்ணே!" என்று ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள்.

கைதட்டல் அரிசி வாங்கித் தராது. கூப்பிட்ட வீட்டுக்காரர் பெட்ரோலுக்கு நூறோ இருநூறோ கொடுத்தால் உண்டு. கொடுக்காவிட்டால் சண்டை போடவும் முடியாது.

சட்டம் வேறு இருக்கிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் அர்த்தமல்ல. பிடிப்பதும் வேட்டைதான்! 2022-ல் கொண்டுவந்த திருத்தத்தில் நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சாரைப் பாம்பு எல்லாம் முதல் அட்டவணைக்குப் போய்விட்டன. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை! குற்றம் ருசுவானால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். அபராதம் தனி.

வனத்துறைக்குத் தெரிந்து, அதன் அனுமதியோடு உயிர்காக்கப் பிடித்து உடனே விடுகிறவர்கள் வேறு. வீட்டில் பெட்டிக்குள் வைத்து வேடிக்கை காட்டுகிறவர்கள் வேறு.

பக்கத்து மாநிலமான கேரளாவில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். 2020-ல் 'சர்ப்பா' என்று ஒரு செல்போன் ஆப் கொண்டுவந்தார்கள். வனத்துறை பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்த ஆட்கள் மட்டுமே பாம்பு பிடிக்கப் போகிறார்கள். ஆனால் அங்கேயும் அவர்கள் தொண்டர்கள்தான். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

இருபது வருஷ அனுபவம் உள்ளவர்களே கடிபட்டு மாண்டிருக்கிறார்கள். ஆயிரம் தடவை தப்பிய கை ஆயிரத்தோராவது தடவை தவறுகிறது. மாதச் சம்பளம் இல்லாத வேலையில் செத்தால் மனைவி பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்?

வடநெம்மேலி பானைகள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி இருக்கிறது. முதலைப் பண்ணை என்றால் எல்லோருக்கும் தெரியும். 1976-ல் ரோமுலஸ் விட்டேகரும் அவரது கூட்டாளிகளும் தொடங்கியது. அழிந்துபோகும் நிலையில் இருந்த இந்திய முதலைகளை ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிக்கவைத்த இடம் அது.

அதே வளாகத்துக்குள்தான் இன்னொரு தொழிற்சாலை இருக்கிறது. புகைபோக்கி கிடையாது, சங்கு ஊதுவதும் கிடையாது. வரிசை வரிசையாக மண்பானைகள்! வாயில் துணி கட்டியிருக்கிறது. ஒவ்வொரு பானைக்குள்ளும் பாம்பு!

இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். பிறந்தது 1978.

இருளர்கள் மகுடி ஊதுகிற பாம்பாட்டிகள் அல்ல. வயலிலும் வரப்பிலும் பாம்பைத் தேடிப் பிடிப்பது அவர்கள் குலத்தொழில். ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பிடித்தார்கள். அந்தத் தோல் கைப்பையாகவும் பெல்ட்டாகவும் வெளிநாட்டுக்குப் போயிற்று. 1972-ல் சட்டம் வந்தது. அடுத்த சில வருஷங்களில் தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. பாம்பு தப்பித்தது. இருளர் அடுப்பு அணைந்தது.

அப்போது பிறந்த யோசனைதான் இது. பாம்பைக் கொல்ல வேண்டாம். நஞ்சை மட்டும் எடுப்போம். பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவோம்!

நான்கே வகைப் பாம்புகளுக்குத்தான் இங்கே வேலை. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன். நம் நாட்டில் அதிகம் பேரைச் சாகடிக்கும் நாலு பேரும் இவர்கள்தான்.

ஒரு பாம்பு பிடிபட்டால் சுமார் மூன்று வாரம் பானைவாசம். அதற்குள் நாலு தடவை நஞ்சு எடுக்கிறார்கள். பாம்பின் தலையைப் பிடித்து, கண்ணாடிக் குடுவையின் வாயில் இழுத்துக் கட்டிய சவ்வைக் கடிக்க விடுகிறார்கள். மஞ்சள் துளிகள் சொட்டுகின்றன. நல்லபாம்பு கொஞ்சம் தாராளம். சுருட்டை விரியன் மகா கஞ்சன்! அதனால் அந்த வகையில் பாம்புகள் நிறைய வேண்டியிருக்கிறது.

பிறகு பாம்பின் வயிற்றுப்பக்கச் செதிலில் லேசாக ஒரு வெட்டு. அடையாளம்! அதே பாம்பு மறுபடி சிக்கினால், "இது போன மாசம் வந்து போன ஆளு" என்று விட்டுவிடுவார்கள். அந்தச் செதில் மறுபடி வளர்ந்துவிடும்.

எடுத்த நஞ்சைக் குளிரவைத்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். கிராம் கணக்கில் விற்பனை. மும்பை, புனே, ஐதராபாத் பக்கம் இருக்கும் மருந்து கம்பெனிகள் வாங்குகின்றன. அங்கே குதிரைகளுக்குத் துளித்துளியாக அந்த நஞ்சை ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஊறுகிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்தால் ஊசி மருந்து. நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்குப் போடும் அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்துதான் பல வருஷங்களாகப் போயிருக்கிறது.

சரி, இந்தச் சங்கத்தில் நாமும் சேரலாமா?

முடியாது! உறுப்பினர்கள் இருளர்கள் மட்டுமே. அது நியாயமும்கூட.

அவர்களுக்கும் மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லை. பிடித்து வரும் பாம்புக்கு இவ்வளவு என்று வகைக்கு ஒரு ரேட். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை அனுமதி நிர்ணயிக்கிறது. அனுமதி வரும்வரை ஒரு பாம்பைக்கூடத் தொட முடியாது. பானை காலி என்றால் பாக்கெட்டும் காலி. அந்த நாட்களில் கூலி வேலை, செங்கல் சூளை, எலி பிடிப்பது என்று காலம் ஓடும்.

அமெரிக்கா கூப்பிட்டது

ஆனால் அந்தக் கைகளின் மதிப்பு உலகத்துக்குத் தெரிந்தது 2017-ல்!

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் பர்மா மலைப்பாம்புகள் பெருகிவிட்டன. செல்லப்பிராணியாக வாங்கி, வளர்க்க முடியாமல் அவிழ்த்துவிட்டவைகளின் வம்சம். சதுப்பு நிலத்தில் இருந்த முயல், மான், பறவை எல்லாவற்றையும் விழுங்கித் தீர்த்துக்கொண்டிருந்தன. வேட்டைக்காரர்கள் போனார்கள். மோப்ப நாய்கள் போயின. முழுசாகக் கட்டுப்படுத்த முடியவில்லை.

கடைசியில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு இருளர்களை விமானத்தில் அழைத்துப் போனார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கையில் ஒரு கடப்பாரை போதும் என்கிற ரகம்.

இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள்! அதில் ஒன்று 16 அடி நீளம். பல்கலைக்கழகத்துப் பண்டிதர்கள் வாயைப் பிளந்தார்கள்.

என்ன வித்தை? வித்தை ஒன்றுமில்லை. தரையில் பதிந்த தடம், உரித்துப்போட்ட சட்டை, காய்ந்த எச்சம், பொந்து வாசலில் மண் வழுவழுப்பாக இருக்கிறதா என்பது. சின்ன வயதில் அப்பா பின்னால் நடந்து கற்றது. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர்கள் காட்டுக்குப் போகும்போது பாம்பைக் கண்டுபிடித்துக் கொடுப்பது பல சமயம் இந்த மாதிரி ஆட்கள்தான். ஆனால் வேலைக்கு விண்ணப்பம் போட்டால் "பட்டம் எங்கே? சான்றிதழ் எங்கே?" என்கிறார்கள். பல இருளர் குடும்பங்கள் ஜாதிச் சான்றிதழுக்கே தாலுகா ஆபீஸ் வாசலில் தேய்ந்து போயிருக்கின்றன. "எங்களோட போகட்டும், பிள்ளைங்க படிச்சி வேற வேலைக்குப் போகட்டும்" என்று நினைக்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியுமா? அப்படிப் போய்விட்டால் அடுத்த தலைமுறையில் தடம் பார்க்கத் தெரிந்தவர் யார்?

ஊருக்கு ஒரு நஞ்சு

ஆள் தேவை குறையவில்லை. கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு கணக்குச் சொன்னது. வருஷத்துக்கு 58 ஆயிரம்! பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். வயலில், களத்துமேட்டில், தரையில் பாய் விரித்துப் படுத்த இடத்தில்.

மத்திய சர்க்கார் 2024 மார்ச்சில் ஒரு திட்டம் அறிவித்தது. 2030-க்குள் இந்தச் சாவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாடு சர்க்காரும் பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கண்ணாடி விரியன் எல்லா ஊரிலும் கண்ணாடி விரியன்தான். ஆனால் அதன் நஞ்சு ஊருக்கு ஊர் மாறுகிறது! பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள். செங்கல்பட்டுப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்து ராஜஸ்தானில் கடிபட்டவருக்கு அதே வேகத்தில் வேலை செய்யாமல் போகலாம். அந்தந்த வட்டாரத்திலேயே நஞ்சு சேகரிக்க வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். அப்படி நடந்தால் பாம்பு பராமரிக்க, நஞ்சு எடுக்க, பரிசோதிக்க ஆட்கள் வேண்டும். உயிர்வேதியியல் படித்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. கையில் பாம்பைத் தொடாமலேயே பாம்பு வேலை!

மாட்டு டாக்டரா, பாம்பு டாக்டரா?

முதலைக்குப் பல்வலி வந்தால் யார் பார்ப்பது? கால்நடை டாக்டர்தான்.

வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை வருஷப் படிப்பு. பிளஸ் டூவில் உயிரியல் படித்து நல்ல மார்க் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. படித்து வெளியே வந்ததும் ஆமையும் முதலையும் வரிசையில் நிற்காது. மாடும் நாயும்தான் வரும். வண்டலூர் மிருகக்காட்சி சாலை, கிண்டி, வடநெம்மேலி மாதிரி இடங்களில் காலியிடம் எப்போதோ ஒன்றுதான் விழும். ஆனால் காலியிடம் விழாத வருஷங்களிலும் இந்த டாக்டர் பட்டினி கிடக்கமாட்டார். பிள்ளையின் ஆசைக்கும் அப்பாவின் கவலைக்கும் நடுவே சமாதானம் பேச இதைவிட நல்ல படிப்பு கிடையாது.

ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை உண்டு. டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையம். இரண்டிலும் போட்டி கடுமை. கோவை ஆனைகட்டியில் சலீம் அலி மையம். பேரைப் பார்த்துப் பறவைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென்மண்டல ஆபீஸ். தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது!

கர்நாடகத்தில் ஆகும்பே மழைக்காட்டில் ராஜநாகத்தின் உடலுக்குள் சின்ன ரேடியோ கருவி வைத்து அது போகும் வழியெல்லாம் பின்தொடர்ந்தார்கள். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட வேலை பெரும்பாலும் 'ப்ராஜெக்ட்' வேலை. பணம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. அட்டைக்கடி இலவசம்.

வெளிநாட்டுப் பாம்பு, ஓணான் வளர்த்து விற்பது என்று ஒரு கூட்டம் ஆசை காட்டும். சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகக் குட்டி மலைப்பாம்புகளோடு பிடிபட்டவர்களின் செய்தியைப் படித்தவர்களுக்கு அதைப்பற்றி விளக்கத் தேவையில்லை.

எத்திராஜ் கல்லூரி மாணவி

"பொம்பளைப் பிள்ளைக்கு இது சரிப்படுமா?" என்று கேட்பவர்களுக்கு விஜயா கதை போதும்.

எத்திராஜ் கல்லூரியில் விலங்கியல் படித்த பெண் அவர். 1978-ல் கிண்டி பாம்புப் பண்ணையில் தொண்டராக நுழைந்தார். அப்போது பெண்கள் பாம்பைத் தொடுவதென்றால் சினிமாவில்தான்!

1982-ல் கேரளாவில் சாலக்குடிப் பக்கத்துக் காட்டுக்குள் போனார். அங்கே பிரம்பு ஆமை என்று ஒரு ஆமை உண்டு. 1912-ல் அதைப்பற்றி எழுதினார்கள். அதற்குப் பிறகு சுமார் 70 வருஷம் விஞ்ஞானிகள் கண்ணில் அது படவே இல்லை. காட்டுவாசிகளின் உதவியோடு விஜயா அதைத் தேடிக் கண்டுபிடித்தார். குகையில் தங்கி அதன் வாழ்க்கையைக் குறித்து வைத்தார்.

வங்காளத்துச் சந்தைகளில் கடலாமைகளை அறுத்துக் குவித்திருந்ததைப் படம் எடுத்து வெளியிலே கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தப் படங்கள் அன்றைய பிரதமர் இந்திரா காந்தியின் கவனத்துக்கே போயிற்று. 1987-ல், முப்பது வயதுகூட நிறையாமல், காலமானார். 2006-ல் அந்த ஆமையின் பேரினத்துக்கே 'விஜயாசெலிஸ்' என்று விஞ்ஞானிகள் பெயர் சூட்டினார்கள்.

அவர் நுழைந்த வாசல் சம்பள வாசல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

ராத்திரி நடை

அந்த மாதிரி வாசல் சென்னையில் இன்றைக்கும் திறந்திருக்கிறது. கடற்கரையில்!

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வருகின்றன. 1988-லிருந்து மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ராத்திரி முழுக்க நடந்து, முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறார்கள். நாய், நரி, காகம் எதுவும் நெருங்காது. தொண்டு வேலை. டீக்காசு கூடக் கிடையாது.

2025 ஜனவரியில் இந்தக் கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் பிணமாக ஒதுங்கின. இழுவலையில் சிக்கி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்தவை என்று சொன்னார்கள். எந்த இடத்தில் எத்தனை என்று எண்ணியவர்களில் இந்த ராத்திரி நடைக்காரர்களும் உண்டு. அப்படிக் குறித்து வைத்த நோட்டுப் புத்தகம்தான் நாளைக்கு ஆராய்ச்சி வேலைக்கு இன்டர்வியூ போகும்போது "களத்திலே என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட உதவும். மிருகக்காட்சி சாலையாக இருந்தாலும் பல்கலைக்கழகமாக இருந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

சீசனில் வார இறுதி ராத்திரிகளில் பொதுமக்களையும் கூட அழைத்துப் போகிறார்கள். சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும். வெள்ளை வெளிச்சம் அடிக்கும் டார்ச்சும் செல்போன் பிளாஷும் கூடாது. ஆமை திரும்பிப் போய்விடும்.